கானாற்றிலிருந்து தொடங்குவோம்: வட ஆர்க்காட்டில் ஊர் கூடி ஆற்றை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாலாறு ஏன் வறண்டு கிடக்கிறது என்று வேலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் பதில் மேற்குத் திசையில்தான் தொடங்கும். கர்நாடகத்து ஏரிகள், ஆந்திரத்துத் தடுப்பணைகள், 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தம், உச்ச நீதிமன்ற வழக்கு என்று பேச்சு நீளும். அதில் உண்மை உண்டு. நந்தி மலைப் பகுதியில் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்துவரும் ஆற்றை மேலே அடைத்தால் கீழே குறையத்தான் செய்யும். 2016இல் ஆந்திரத்துப் புல்லூர்த் தடுப்பணையின் உயரம் கூட்டப்பட்டபோது இங்கே எழுந்த கொதிப்பு நியாயமானது. ஆனால் அந்த வழக்கை அரசுதான் நடத்த முடியும். அதே ஆறு தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. அதாவது அதன் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம் மண்ணில் கிடக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் அகரம் ஆறும் நாகநதியும், ஒவ்வொரு குன்றிலிருந்தும் இறங்கும் கானாறுகளும், ஏரிகளின் வரத்துக்கால்களும் எந்த மாநிலத்தையும் கேட்டு வருவதில்லை. ஊர் மக்களின் கைக்கு எட்டுவது அவைதான்.

இந்த வழிகாட்டி ஊராட்சி மன்றத்தார், மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஏரிப் பாசனக்காரர்கள், ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. மண்வேலை எப்படிச் செய்வது என்பதைவிட, அந்த வேலையை முடிவு செய்யும் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதற்கே இதில் அதிக இடம் தரப்பட்டுள்ளது. ஜேசிபி வந்து இறங்கும் முன் ஊரில் யார் யார் பேசினார்கள், யார் பேசாமல் விடப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தே ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அந்த ஓடை இருக்கும் என்பது என் கணிப்பு.

எந்த ஓடையை எடுப்பது

பாலாற்றையே எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அது மூன்று மாநிலம், பல மாவட்டம், பல துறை சம்பந்தப்பட்டது. ஒரு ஊராட்சியின் உற்சாகம் அதில் ஒரே பருவத்தில் கரைந்துவிடும். மலையடியிலிருந்து உங்கள் ஏரிவரை வரும் ஒரே ஒரு கானாற்றை எடுங்கள். ஒன்றிரண்டு ஊராட்சிக்குள் அடங்குவதாகவும், தலை முதல் வால்வரை ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடியதாகவும் அது இருந்தால் நல்லது.

அந்தக் கானாற்றின் நீர்ப்பிடிப்பு எவ்வளவு என்று தெரிந்தால் மழைக்கணக்கை யாரும் போட்டுவிடலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் பெய்யும் ஒரே இரவில் நூறு ஹெக்டேர் சரிவில் விழுவது ஐந்து கோடி லிட்டர். அத்தனையும் ஓடி வருவதில்லை, அத்தனையும் ஊறுவதுமில்லை. ஆனாலும் இந்தக் கணக்கைக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஆந்திராக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவர்கூட நம் மலையில் பெய்தது எங்கே போனது என்று கேட்கத் தொடங்குவார்.

அடுத்து, அந்த ஓடை யாருடைய பொறுப்பில் வருகிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பகுதி காப்புக்காடாக இருந்தால் வனத்துறை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரியும் அதன் வரத்தும் நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம். பெரும்பாலான கானாறுகள் இந்த மூன்று பேர் கையிலும் துண்டு துண்டாகக் கிடப்பதால், ஒரு துறை தூர்வாரிய மண் மழைக்குப் பின் அடுத்த துறையின் ஏரியில் போய்ப் படிகிறது.

நடந்து பார்ப்பது

எந்தத் திட்ட அறிக்கையும் ஓடையை நடந்து பார்ப்பதற்கு ஈடாகாது. பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது ஒருமுறையும், ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் நடக்க வேண்டும். வேலூர்ப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமும் கணிசமான மழை தருவதால், ஆவணி மழைக்குப் பின்னும் ஒருமுறை போக முடிந்தால் ஓடையின் குணம் முழுதாகப் பிடிபடும்.

யாரை அழைத்துக்கொண்டு போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தலைவரும் பொறியாளரும் பைக்கில் போய் இரண்டு இடத்தில் இறங்கிப் பார்ப்பது நடை ஆகாது. ஊரில் முன்பு மதகைத் திறந்து மூடி நீரைப் பங்கிடும் நீர்க்கட்டி வேலை பார்த்தவர் அல்லது அவருடைய மகன் அவசியம் வர வேண்டும். எந்த மதகைத் திறந்தால் எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகையில் தண்ணீர் போகும் என்று ஏட்டில் இல்லாதது அவர் தலையில் இருக்கும். ஆடு மேய்ப்பவர் வர வேண்டும். கோடையில் எந்தப் பாறையிடுக்கில் கடைசிவரை ஈரம் நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். விறகுக்கும் புல்லுக்கும் மலையேறும் பெண்கள் இரண்டு மூன்று பேர், கைபேசியில் படமும் இடக்குறியும் பதிவு செய்யத் தெரிந்த ஒரு பையன் அல்லது பெண், முடிந்தால் கிராம உதவியாளர்.

நடக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை பல. அடியில் பாறை தெரியும் இடம், மணல் ஆழமாகக் கிடக்கும் இடம், கரை உடைந்த இடம், வேலி நகர்ந்து ஓடை ஒடுங்கிய இடம், சீமைக் கருவேலம் அடைத்த இடம், யாருடைய குழாயாவது வந்து கழிவைக் கக்கும் இடம், சாலை போட்டபோது குழாய்ப் பாலத்தைச் சிறிதாக வைத்து நீரைத் திருப்பிவிட்ட இடம். கடைசியாகச் சொன்னது எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆக்கிரமிப்பைப் பற்றி மட்டும் பேசுவதால் அது கண்ணில் படுவதில்லை.

பாலாறு, செய்யாற்றுக் கரை ஊர்களில் இன்னொன்றையும் தேட வேண்டும்: ஊற்றுக்கால். ஆறு மேலே வறண்டிருந்தாலும் மணலுக்கடியில் ஓடும் நீரைப் பிடிக்க, ஆற்றுப் படுகையிலேயே சாய்வாக நீளக் கால் வெட்டி, அதில் ஊறும் தண்ணீரை ஊருக்குத் திருப்பும் முறை வட ஆர்க்காட்டின் தனி முத்திரை. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் அதை மூடும். ஊரே கூடி மறுபடி வெட்டும். எவ்வளவு நிலம் வைத்திருக்கிறாரோ அந்த அளவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதுதான் குடிமராமத்து. மணல் போனதும் ஊற்றுக்கால் போயிற்று, ஊற்றுக்கால் போனதும் ஊர் கூடுவதற்கான காரணமும் போயிற்று. உங்கள் ஊரின் ஊற்றுக்கால் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டக்கூடிய கடைசித் தலைமுறை இன்று எழுபது வயதைத் தாண்டியிருக்கிறது. அவர்களை ஆட்டோவில் ஏற்றியாவது கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள்.

காகிதங்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேடும் கிராம வரைபடமும், புல அளவை வரைபடமும் பார்த்து, ஓடை எந்தப் புல எண்களில் எவ்வளவு அகலத்துக்குப் பதிவாகியிருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். கிடைக்காதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். நடைப்பயணக் குறிப்பையும் இந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேலைப்பட்டியல் தானாகவே உருவாகிவிடும்.

யாருக்கெல்லாம் இந்தத் தண்ணீரில் பாத்தியம்

ஏரிக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதே, அதுவே போதாதா என்று கேட்பார்கள். தமிழ்நாடு பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில், ஆயக்கட்டில் நிலம் உடையவர்தான் உறுப்பினர். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. எனவே நாற்று நடுபவளுக்கும் களை எடுப்பவளுக்கும் அங்கே குரல் இல்லை. குத்தகைக்கு உழுபவருக்கும் இல்லை. ஆயக்கட்டில் நிலமில்லாத காலனிக்கும் இல்லை. மேடையில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியமும் இதே போன்றதுதான்: வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவர் பெயரே குடத்தில் விழுந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒழுங்கைப் போற்றலாம். அதன் வாசற்படியை அப்படியே வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆகவே சங்கத்தைக் கலைக்காமல், அதற்கும் மேலாக ஓடைக் குழு ஒன்றை அமைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. அதில் யார் இருக்க வேண்டும் என்பதற்கு ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். தலைப்பகுதியில் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் இருந்தால் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய கிராம சபைக்குச் சமூக வன வளத்தைக் காக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. காட்டுக்குள் கல்தடுப்பு வைப்பதற்கு அவர்கள் சம்மதமும் வனத்துறையின் அனுமதியும் இரண்டும் வேண்டும். ஏரியில் மீன் பிடிப்பவர்கள், ஏலம் எடுப்பவர் மட்டுமல்லாமல் வலை இழுப்பவர்களும், வர வேண்டும். ஆடுமாடு மட்டும் வைத்திருப்போர், வெளுப்பவர்கள், மாட்டு வண்டியில் மணல் ஓட்டிப் பிழைத்தவர்கள், ஓடையின் வால்பகுதியில் இருக்கும் அடுத்த ஊர்க்காரர்கள் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். மணல் வண்டிக்காரரைக் குழுவில் வைப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வெளியே வைத்தால் இரவில் அவர் வண்டியை நிறுத்த ஆளில்லை. உள்ளே வைத்தால் லாரி வரும் வழியைச் சொல்வதே அவராகத்தான் இருக்கும்.

இருளர் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கும் அவர்கள், 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பாயும்போது முதலில் தூக்கி எறியப்படுகிறார்கள். ஓடையை நான்கு ஏக்கர் வளைத்துத் தென்னை வைத்தவரின் கோப்பு நீதிமன்றத்தில் உறங்கும்போது, நான்கு குடிசைகளைப் பிரித்த படம் செய்தித்தாளில் வருகிறது. குழு ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்: மாற்று மனையும் பட்டாவும் கிடைக்கும்வரை குடியிருப்புகளைத் தொடுவதில்லை, நீரோட்டத்தை அடைக்கும் பெரிய வளைப்புகளிலிருந்தே அளவை தொடங்கும். இந்த முடிவு எழுத்தில் இல்லாவிட்டால் பலவீனமானவர் தலையில்தான் சட்டம் விடியும்.

தனித்தனியாக உட்காருதல்

எல்லோரையும் ஒரே மரத்தடியில் கூட்டினால் எல்லோரும் பேசிவிடுவார்கள் என்று நினைப்பது வசதியான நம்பிக்கை. ஊர்க் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். காலை பத்து மணிக்குப் போட்டால் கூலிவேலைக்குப் போனவர் வரமாட்டார். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் வேன் வந்து இறக்கிவிட்டபின் சோறாக்கி முடிக்க இரவு எட்டு மணி ஆகும். ஆகவே முதல் சுற்றில் பொதுக்கூட்டமே வேண்டாம். அவரவர் இருக்கும் இடத்துக்கு, அவரவர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும்.

குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களோடு பேசுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிற்பகலில் திண்ணையில் நான்கைந்து பேர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கை இலையை நறுக்கி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே இருக்கும்; வாய் ஓய்வாக இருக்கும். அங்கே போய்த் தாளைப் பிரித்து வைத்து, நீர் மேலாண்மை பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டால், எங்களுக்கு என்ன சார் தெரியும் என்பார்கள். தெருக்குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, குடம் நிரப்ப யார் போகிறார்கள், போன கோடையில் எந்தக் கிணற்றில் கடைசியாக எடுத்தீர்கள், அந்தக் கிணற்றுக்காரர் விட்டாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில் ஒருத்தி தலை நிமிர்ந்து இன்னொருத்தியைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு வருவதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்: எந்தக் கிணற்றில் எந்தத் தெரு இறங்கலாம், மோட்டார் ஓடும்போது மட்டும் ஏன் குடம் வைக்க விடுகிறார்கள், தொட்டி கழுவும் நாளில் எந்த வீட்டுக்கு லாரித் தண்ணீர் வருகிறது என்பதெல்லாம். பெயர் எழுதாமல் செய்தியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, ஊரில் சொல்லக்கூடாதது எது என்று அவர்களிடமே கேட்டு அடித்துவிடுங்கள்.

இப்படி ஒவ்வொரு பிரிவோடும் பேசியதிலிருந்து ஒவ்வொருவரும் கேட்கும் முதல் மூன்று விஷயங்களை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதினால், ஊரின் உண்மையான முரண்கள் வெளியே வரும். கரும்பு போட்டவர் ஏரியை ஆழப்படுத்தச் சொல்வார். ஆடு வைத்திருப்பவர் கரைச் சரிவை அப்படியே விடச் சொல்வார். மீன்காரருக்கு ஏரியில் கடைசிவரை நீர் நிற்க வேண்டும். வால்பகுதிக்காரருக்கு ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிய வேண்டும். இவற்றைப் பூசி மெழுகாமல், அப்படியே பொதுக்கூட்டத்தில் படித்துவிடுவது நல்லது. சண்டை வரும்; வேலை தொடங்கியபின் வருவதைவிட அப்போது வருவது மேல்.

கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கானது. தீர்மானத்தை அன்றைக்குக் குறிவையுங்கள். மூன்று வாரம் முன்பே பொருளை ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்துக் கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்ல வேண்டும்; கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் குறிப்பேட்டில் ஏறும் என்று உறுதியில்லை. ஊராட்சி உறுப்பினர் இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. பல ஊர்களில் அந்த நாற்காலியில் கணவர் உட்காருகிறார் என்பதும் உண்மை. வார்டு உறுப்பினரான பெண்ணே தீர்மானத்தை வாசிக்க வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

வாசகம் இப்படி இருக்கலாம்: “நமது ஊராட்சியில் மலையடி முதல் பெரிய ஏரி வரை புல எண் இன்னின்னவற்றில் உள்ள கானாற்றைச் சீர்செய்வதென்றும், அதற்கென ஊர்ப்பகுதி, காலனி, மலைக் கிராமம் ஆகியவற்றிலிருந்து பாதிக்குக் குறையாமல் பெண்களும், நிலமில்லாதோர் மூன்றில் ஒரு பங்கும் கொண்ட ஓடைக் குழு அமைப்பதென்றும், குழுவின் ஒப்புதல் இன்றி ஓடையில் மண், மணல், மரம் எதையும் எடுக்க ஊராட்சி தடையின்மைச் சான்று வழங்குவதில்லை என்றும், குழு ஒவ்வொரு கிராம சபையிலும் வரவு செலவையும் கிணற்று அளவையும் படிப்பதென்றும் தீர்மானிக்கப்படுகிறது.” மூன்றாவதாக உள்ள, மண், மணல் எடுப்பது பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி அழுத்தம் வரும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

மண்வேலையின் வரிசை

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பதே விதி. தலைப்பகுதிச் சரிவில் கல்தடுப்புகள், அதன்பின் ஓடையின் நடுப்பகுதியில் சிறு தடுப்பணைகளும் மீள்நிரப்புக் கிணறுகளும், கடைசியில் ஏரி. ஏரியிலிருந்து தொடங்கினால் மேலிருந்து வரும் மண் இரண்டு பருவத்தில் அதை மூடிவிடும்.

இதற்கு நம் பக்கத்திலேயே பார்க்கக்கூடிய இடம் நாகநதி. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலையில் கால்வாய், தடுப்பணை, மீள்நிரப்புக் கிணறு என்று செய்த பணியை 2021 செப்டம்பர் 26 அன்று பிரதமர் வானொலி உரையில் குறிப்பிட்டார். அங்கே பயன்பட்ட மீள்நிரப்புக் கிணறு எளிய அமைப்பு: ஓடைப் படுகையில் குழி தோண்டி, துளையிட்ட சிமென்ட் உறைகளை அடுக்கி, சுற்றிலும் கூழாங்கல்லும் ஜல்லியும் கொட்டி, வெள்ளம் போகும்போது அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கும்படி விடுவது. நம் பகுதி பெரும்பாலும் கடினப் பாறை என்பதால் எங்கே வேண்டுமானாலும் தோண்டினால் பயன் தராது. பாறையில் விரிசலும் சிதைவும் உள்ள இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். கிணறு வெட்டும் மேஸ்திரிகள் இதைக் கைப்பிடி மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். புவியியலாளர் கருவியோடு வந்தாலும் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வண்டல் படிந்தால் உறை அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து அள்ளுவது யார் பொறுப்பு என்று அப்போதே பெயர் எழுதி வைக்க வேண்டும்.

நூறு நாள் வேலைக்கு அடிப்படையாக இருந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 இறுதியில் புதிய சட்டம் வந்திருப்பதால், எந்தெந்த வேலை ஏற்கப்படுகிறது, கூலி யார் பங்கு என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள். எது எப்படியானாலும் கைவேலைக்கு உரியதைக் கைக்கே விடுவது நல்லது. கல்தடுப்பைத் தன் கையால் அடுக்கியவள் மழையில் அது சரிந்தால் மறுநாளே சொல்வாள். இயந்திரத்தால் போட்டது சரிந்தால் யாரும் கவனிப்பதில்லை.

செய்யக்கூடாதவை சில. ஓடையின் அடியில் காங்கிரீட் போடாதீர்கள்; அது நீரைக் கடத்தும், ஊற விடாது. தூர்வாருகிறோம் என்ற பெயரில் மணலை அள்ள விடாதீர்கள். வண்டல் வேறு, மணல் வேறு, மணல்தான் ஆற்றின் சேமிப்பு. ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு எடுக்கலாம். யார் எத்தனை டிராக்டர் எடுத்தார் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் செங்கல் சூளைக்கு லாரி போவது நின்றுவிடும். சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் வேரோடு பிடுங்கி எறிந்தால், அதை வெட்டிக் கரி சுட்டும் விறகாக விற்றும் பிழைக்கும் குடும்பங்கள் வெறுங்கையோடு நிற்கும். கரைப்பகுதியை இரண்டு மூன்று ஆண்டுகளில் பகுதி பகுதியாக அவர்களுக்கே வெட்டக் கொடுத்து, வெட்டிய இடத்தில் பனையும் நாவலும் வைக்கலாம்.

ஏறிய நீரை யார் இறைப்பது

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் தோற்கின்றன, பெரும்பாலான கையேடுகள் இங்கேதான் மௌனமாகிவிடுகின்றன. ஊரே சேர்ந்து நீரை மண்ணுக்குள் இறக்குகிறது. அதை வெளியே எடுக்கும் உரிமை, ஆழமாகப் போர் போட்டுப் பெரிய மோட்டார் வைக்கும் வசதி உள்ளவரிடம் இருக்கிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2003இல் ஒரு சட்டம் இயற்றியது. 2013இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு போர் போடுவதைத் தடுக்க ஊரிடம் கூர்மையான சட்டம் இல்லை. ஊர்க்கட்டுப்பாடுதான் உண்டு, அதைச் சாதிக் கட்டுப்பாடாக மாறவிடாமல் எழுத்தில், எல்லோர் கையெழுத்தோடும் செய்ய வேண்டும்.

நடைமுறையில் ஒத்துவரக்கூடிய விதிகள் இவை. மீள்நிரப்புக் கிணற்றிலிருந்து குழு முடிவு செய்யும் தூரத்துக்குள் புதிய போர் போடுவதில்லை. குடிநீர்க் கிணறுகளில் மார்கழி அளவு குறித்த கோட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த ஆண்டு நவரைப் பருவத்தில் நெல் பரப்பைக் குறைத்து, கேழ்வரகோ நிலக்கடலையோ போடுவது. மீள்நிரப்பால் கிணறு ஏறிய நிலத்தார், கோடையில் குறிப்பிட்ட நேரம் காலனித் தொட்டிக்குத் தண்ணீர் விடுவது. ஏரியில் மீனுக்கும் மாட்டுக்கும் என்று ஒரு மட்டத்துக்குக் கீழே மதகைத் திறப்பதில்லை. நான்கும் ஒரே ஆண்டில் ஏற்கப்படாது. மூன்றாவதை முதலில் ஏற்கச் செய்தால் மற்றவற்றுக்கு வழி பிறக்கும் என்பது என் எண்ணம். ஏனெனில் வேலை செய்தவர்களுக்குப் பலன் கண்ணுக்குத் தெரிவது அதில்தான். நீர்க்கட்டிக்கு நெல்லாகக் கொடுத்த பழைய களத்துமேட்டுக் கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளமாகக் கொடுத்து, அந்தப் பொறுப்பை ஒரு சாதிக்கு உரியதாக வைக்காமல் யாரும் விண்ணப்பிக்கும் வேலையாக்குவதும் இதோடு சேர்ந்தது.

கழிவுநீர் வந்தால்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பகுதிகளில் நீரின் அளவை மீட்டால் போதாது, அதன் குணத்தையும் மீட்டாக வேண்டும். தோல் பதனிடும் கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாலாற்றின் நிலை இன்னும் சீராகவில்லை என்று கண்டு, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க ஆணையிட்டது.

ஊர் செய்யக்கூடியது சாட்சியம் சேர்ப்பது. பேனா அளவில் இருக்கும் கரைந்த உப்புமானி மலிவாகக் கிடைக்கிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையெனில் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். மழை பெய்யும் இரவில் வாய்க்காலில் திறந்துவிடுவது வழக்கம் என்பதால், மழைக்கு முன்னும் பின்னும் அளந்து தேதி, நேரத்தோடு எழுதுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார், பதில் இல்லையெனில் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அதே சமயம், தொழிற்சாலைத் தொழிலாளர்களில் பலரும் இந்த ஊர்க்காரர்கள்தான். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்; மாசின் முதல் பலி அவர்களே. அவர்களைக் கலந்துகொள்ளாமல் புகார் எழுதினால், நிர்வாகம் வேலையைக் காட்டி அவர்களை உங்களுக்கு எதிராக நிறுத்திவிடும்.

அளப்பதும் எழுதி வைப்பதும்

தலை, நடு, வால் என்று ஓடையோரக் கிணறுகள் ஆறேழைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் அமாவாசையன்றும் காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு எடை, அவ்வளவுதான் கருவி. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து நீர் மட்டம் எத்தனை அடி என்று எழுத வேண்டும். அளப்பவர் மாறினாலும் அளக்கும் இடம் மாறக்கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் குழுவில் ஒரு பெண்ணும் போதும். அளவை ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு வராதவர்களும் அங்கே வருவார்கள்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும், நிலமில்லாதோர் தரப்பிலிருந்து ஒருவர் உட்பட மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். மீன் ஏலத் தொகையில் ஒரு பங்கு பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டால் வெளியாரை எதிர்பார்க்காமல் ஆண்டுச் செலவு ஓடும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்ததால், பதவிக்காலம் மற்ற பெரும்பாலான மாவட்டங்களோடு ஒத்துப்போகாது. தலைவர் மாறும்போது வேலை அறுந்துபோகாமல் இருக்க, ஒரே கோப்பில் தீர்மான நகல், புல எண் பட்டியல், நடைப்பயணக் குறிப்பு, பங்கு விதியின் கையெழுத்துப் பிரதி, கிணற்று அளவு, வரவு செலவு, பராமரிப்புப் பொறுப்பாளர் பெயர்கள் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு பிரதி ஊராட்சியில், ஒன்று மகளிர் குழுக் கூட்டமைப்பில், ஒன்று வால்பகுதியில் உள்ள அடுத்த ஊரில். மூன்றாவது பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அன்றே, அவர்கள் எல்லைக்குள் கானாறு எங்கே ஒடுங்குகிறது என்று சேர்ந்து நடந்து பார்ப்பதற்கும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.